அவர் எடுக்காத தூக்கம்

பல நாட்டுக் குழந்தைகள் வளர்வதைப் படமெடுக்கிறவர் என்று, மாட்டுங்காவிலிருந்து ஒருவர் எங்கள் கைக்குழந்தைப் பேத்தியை எடுக்க எங்கள் தாராவி வீட்டுக்கு வந்தார். நரைத்த தாடி. பேத்தி அழத் தொடங்கினால் போதும், யாரும் பேச வேண்டாம் என்று விரலை உயர்த்துவார். எனக்கு அது பிடிக்கவில்லை.

என் மனைவி உட்கார்ந்து காலை நீட்டி, கால்மேல் பேத்தியைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றி மூக்கை நீவினாள். பேத்தி வீறிட்டு அழுதாள். அவர் கிட்டே வந்து அதைப் படமெடுத்தார். துவட்டியதும் அவள் சொக்கித் தூங்கினாள். அவர் காமிராவை மூடிவிட்டார்.

"தூங்குததையும் எடுங்க சார்," என்றேன்.

"எல்லா நாட்டுலயும் குழந்தை ஒரே மாதிரிதான் தூங்கறது. குளிப்பாட்டறதுதான் வேற."

"அப்ப நான் புள்ளையக் கொல்லுதேன்னுல்லா பாக்கவன் நினைப்பான்?" என்றாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே காமிராவைப் பையில் வைத்தார்.

நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் என் பேத்தி இன்னும் அழுதுகொண்டுதான் இருப்பாள்.