தாத்தாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

போன தை மாதம், திண்டிவனத்தில் பெரியப்பா வீட்டில் தாத்தாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். தெருமுனையிலேயே 'அன்பின் இமயமே' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்தில் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. கடைக்காரர்தான் எப்படியோ சிரிக்க வைத்திருக்கிறார்.

தாத்தா பொல்லாதவர். குழம்பில் உப்பு குறைந்தால் என் அம்மாவைப் பார்த்துத் தட்டு பறக்கும். பேரன் எடுத்த பெரியப்பா மீதே தெருவில் வைத்துக் கை ஓங்குவார். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட அத்தையைக் கடைசிவரை வாசல் மிதிக்க விடவில்லை. அந்த அத்தையும் அன்று வளவனூரிலிருந்து வந்து, பந்தலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

படையல் முடிந்ததும் பெரியப்பா மைக்கைப் பிடித்து, அப்பாவைப் பற்றி ஆளாளுக்கு நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னார். தங்கமான மனுஷன், குழந்தை மனசு என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் முறை வந்தால் என்ன சொல்வது? தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். திரும்பி வந்தால், அத்தை மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"வேணாம்மா, இன்னிக்கு எதையும் கிளறாத" என்றார் பெரியப்பா.

அத்தை மைக்கை வாங்கிக்கொண்டார். "எங்கம்மா செத்தப்பகூட மொகத்தப் பாக்க விடல. கேட்டுக்கு வெளிய நின்னு அழுதுக்கினு இருந்தேன். நீங்க அவரத் தங்கம்னு சொல்லச் சொல்ல, நான்தான் ஏதோ தப்பு பண்ணவ மாதிரி ஆவுது."

பெரியப்பாவுக்குத் தாத்தாவின் குரல். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு அந்த கேட்ட இழுத்துச் சாத்துனது நான்தாம்மா. அவருக்குப் பயந்துக்கினு சாத்துனேன். இன்னிக்கும் எவனாச்சும் செருமுனா ஒடம்பு தூக்கிவாரிப் போடுது."

"தெரியும்ணே. ஒன் கையத்தான பாத்துக்கினு நின்னேன்."

அத்தை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. பந்தியில் அவருக்குச் சோறு போட்ட அம்மா, "உப்பு கம்மின்னா வாயால சொல்லு, எலையத் தூக்கி அடிச்சிடாத" என்றார். அத்தை சிரித்துவிட்டார். பெரியப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தாத்தா தனி ஆளாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர் போட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்த கதையை, சாப்பிட்டபடி அத்தையேதான் எடுத்தார். இந்த முறை அம்மா நிமிர்ந்து கேட்டார்.

போனவரை நல்லவராக்குகிற அவசரத்தில், இருப்பவர்கள் பட்டதைப் பொய்யாக்கிவிடுகிறோம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளைகள் அவரைப் பற்றிக் கேட்டால் இப்போது தட்டு பறந்தது, மல்லாட்டை போட்டு வளர்த்தது, இரண்டையும் சொல்கிறேன்; சொல்லி முடித்த பிறகும் மனசு ஒரு பக்கமாக ஒதுங்க மறுக்கிறது, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.