துணைக்குப் போனவள்

2015 ஓகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. குண்டசாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, மிருக வைத்தியரின் கிளினிக்கை நோக்கி அக்கா முன்னாலும் நான் பின்னாலும் நடந்தோம். எனக்கு ஒன்பது வயது, பாடசாலை விடுமுறை.

அக்கா உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தாள். மிருக வைத்தியம் படிப்பது அவளுடைய விருப்பம். மறுபடி பரீட்சை எழுதி மனிதருக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கவேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். அப்பா ஒரு சமரசம் கண்டார்: விடுமுறை முடியும்வரை அவள் கிளினிக்கில் சம்பளமின்றி வேலை பழகட்டும், மனம் தாங்கினால் அவள் வழி, தாங்காவிட்டால் அம்மாவின் வழி. தாங்குகிறதா என்று பார்த்துவர என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஒன்பது வயதுக்காரி எவ்விதத்தில் துணை என்று எவரும் கேட்கவில்லை. மாலையில் நான் சொல்லும் விபரத்தை வைத்தே அம்மா முடிவெடுப்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதவி பிடித்துமிருந்தது. அக்கா என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்திவிட்டு, "கெதியா வாங்கோ, சி.ஐ.டி. அம்மா" என்பாள்.

அதுவரை சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. கூடுகளைக் கழுவினாள், பஞ்சு வெட்டினாள், ஒரு பூனையிடம் கீறல் வாங்கினாள்.

அன்று ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் தம் கிழட்டு நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். டொக்டர் அதை நெடுநேரம் சோதித்துவிட்டு, இனிக் காப்பாற்ற முடியாது, ஊசி போட்டு வேதனையை முடித்துவைக்கத்தான் முடியும் என்றார். உயிரைப் போக்கச் சொல்வது ஆசிரியரின் பௌத்த சமயத்தில் பாவம். வேண்டாம் என்று தடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. டொக்டர் வற்புறுத்தவில்லை. சற்று நேரத்தில் ஆசிரியர் நாயின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டு வெளியே வந்து, வாங்கில் என் பக்கத்தில் அமர்ந்தார். அந்த ஊர்ப்பக்கம் இதற்குச் சம்மதம் பெரும்பாலும் அப்படித்தான் தெரிவிக்கப்படும் என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

உதவியாளர் அன்று லீவு. டொக்டர் அக்காவை அழைத்தார். பாதி திறந்திருந்த கதவினூடாகப் பார்த்தேன். நாயின் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்தபடி அக்கா அதன் காதருகே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லையடா... ஒண்டுமில்லை. நான் இருக்கிறன்."

என் பக்கத்தில் ஆசிரியர் கண்களை மூடிப் பௌத்தரின் பிரித் பிரார்த்தனையை ஓதிக்கொண்டிருந்தார். அந்த நாய்க்குத் தமிழ் தெரியாதே என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

வீடு திரும்பியதும் அக்கா முன்வாசலால் நுழையவில்லை. சுற்றிக்கொண்டு பின்புறம் போய், குழாயடியில் உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீர் வார்க்கத் தொடங்கினாள். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் மட்டுமே எங்கள் வீட்டில் அப்படி முழுகுவோம். சமையலறை ஜன்னலால் அதைக் கண்ட அம்மா என்னை அழைத்தார்.

"இண்டைக்கு என்ன நடந்தது?"

"ஒரு நாய் செத்தது. ஊசி போட்டது டொக்டர். அக்கா பிடிச்சுக்கொண்டு நிண்டவ."

"அழுதவவோ?"

"இல்லை. நாயோட தமிழில கதைச்சவ. அதுக்கு விளங்கியிராது."

"பிறகேன் தலை முழுகிறா?"

"நாய் மணமாக்கும்" என்றேன்.

அம்மா அடுப்பைத் தணித்தார். அலுமாரியிலிருந்து துவாயொன்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். சிறுபிள்ளைக்குச் செய்வதுபோல் அக்காவின் தலையைத் தாமே துவட்டிவிட்டார்.

இரவு சாப்பிடும்போது, "நாளைக்கு நீ வீட்டில நில்லு. அவ தனியப் போவா" என்று என்னிடம் சொன்னார். அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மறுபடி எழுதவேண்டிய பரீட்சையைப் பற்றி அதன் பின்னர் எங்கள் வீட்டில் எவரும் பேசவில்லை.

மறுநாள் காலை நான் வழமைபோல் சப்பாத்து அணிந்து வாசற்படியில் அமர்ந்தேன். அம்மா முதன்முறையாகக் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலோடு அக்கா என்னைத் தாண்டிப் போனாள். வளைவில் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு மறைந்த பிறகும் நான் எழும்பவில்லை. முந்தைய மாலை அம்மாவிடம் சொன்னவற்றை முதலிலிருந்து மனத்துக்குள் ஒப்புவித்து, எந்த இடத்தில் பிழைவிட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.