பதினெட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் என்கிற நீண்ட பயிற்சி ஓட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். பந்தயம் இருபத்தொன்று என்றால் பயிற்சியில் பதினாறு போதும் என்பார்கள் சிலர். இருபத்தொன்றையும் ஒருமுறை ஓடிப் பார்த்துவிடு என்பார்கள் வேறு சிலர். என் செல்போனில் இருந்த ஓட்ட ஆப் பதினெட்டு என்றது. நான் ஆப்பை நம்பினேன். அதற்கு எங்கள் பெரியப்பாவைத் தெரியாது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து நடந்து ஒரு நாள் ஓடிவிட்டேன். போன வருடம் புதுச்சேரியில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். பயிற்சி போதாமல் பதினைந்தாவது கிலோமீட்டரில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேனில் என்னையும் ஏற்றினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் நிம்மதியாக வாழைப்பழம் தின்றுகொண்டு வந்தார். எனக்கோ அவமானத்தில் உயிர் போயிற்று. இந்த வருடம் என்ன ஆனாலும் முடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு முழுப் பதினெட்டு ஓடிவிட வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

எந்தச் சாலையில் ஓடுவது? வேப்பூர் பக்கம் லாரிகள். மங்கலம்பேட்டைச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சம் கருவேப்பிலங்குறிச்சிச் சாலை. அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே, என் வீட்டிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில், என் அம்மா வீடு. போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பினால் பதினெட்டு. கணக்கு கச்சிதமாக இருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காலங்காத்தாலே தலையை முடிந்துகொண்டு அம்மா வீட்டுப் பக்கம் வேகமாகப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷனோடு சண்டை. அவளை நிறுத்தி, சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புவது பார்த்தவர்களின் கடமை. முடியாவிட்டால் பிறந்த வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஷூ போட்டிருக்கிறாளே என்று யாரும் யோசிப்பதில்லை. கோபத்தில் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிறுதோறும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்று கிலோமீட்டர் வரை போய்த் திரும்பியபோது டீக்கடைக்காரர், "பஸ்ஸ வுட்டுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து வரை போனபோது பால்காரர் வண்டியை ஓரங்கட்டினார். "ஒரு வூடுன்னா நாலு இருக்கத்தான் செய்யும். திரும்பிப் போம்மா" என்றார். தூரம் கூடக் கூட சண்டையின் அளவும் கூடியது. ஏழாவது கிலோமீட்டரைத் தொட்ட ஞாயிறு, களை வெட்டப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அடிச்சானா?"

இல்லை, பந்தயத்துக்குப் பயிற்சி என்றேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "வெளிய சொல்ல மாட்டேங்குது பாரு. நல்ல குடும்பத்துப் புள்ள" என்றாள். அதற்குள் யாரோ என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அண்ணன் பைக்கில் வந்து, நான் சொன்ன எதையும் காதில் வாங்காமல், பின்னால் ஏற்றி அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆப்பை நிறுத்த மறந்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே வேகமான இரண்டு கிலோமீட்டரை அன்று ஓடியிருப்பதாக அது பாராட்டிக் கைதட்டியது.

என் கணவர் சத்தம் போட்டுக்கூடப் பேசாதவர். ஊருக்கு விஷயத்தைத் தெளிவாக்குவதற்காக அடுத்த வாரம் பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் என் பின்னாலேயே மெதுவாக வந்தார். கோபித்துக்கொண்டு போகும் பெண்டாட்டியைப் புருஷன் கெஞ்சிக்கொண்டு போகிறான் என்று சாலையே வேடிக்கை பார்த்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, "பண்றதெல்லாம் பண்ணிட்டு இப்ப பிஸ்கோத்து காட்டுறியா?" என்று அவரை வெளுத்து வாங்கினார். நான் ஓடிக்கொண்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பன்னெண்டோட நிறுத்திக்கயேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும். "ஆறு வரைக்கும் போயிட்டு திரும்பினா நான் வெறும் கோவக்காரன். ஒம்போது வரைக்கும் போனா கொலகாரன் ஆயிடுவேன்."

பந்தயத்துக்கு முன்னால் பதினெட்டு ஓட ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சமிருந்தது. கிளம்பிவிட்டேன். பாதி வழியில் என் கணவர் ஸ்கூட்டரில் என்னைத் தாண்டிப் போனார். "எங்கங்க?" என்று கத்தினேன். "சும்மா" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா வீட்டு வாசலுக்குப் போனபோதுதான் புரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பெரியப்பா, இரண்டு சித்தப்பாக்கள், அண்ணன் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் என் கணவர், பெண் பார்க்க வந்த அன்று உட்கார்ந்திருந்த மாதிரியே, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் போன் போட்டு வரவழைத்திருக்கிறார்.

சும்மா நின்றால் கால் இறுகிவிடும் என்று நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். "ஒடம்பு எப்பிடி துடிக்குது பாரு" என்று சின்னச் சித்தப்பா கலங்கினார்.

"ஒனக்கு என்னா கொறை, சொல்லும்மா" என்றார் பெரியப்பா.

"கொறை ஒண்ணும் இல்ல பெரியப்பா. பதினெட்டு ஓடணும். அவ்ளோதான்."

"மாப்பிள்ளை என்னா சொல்றீங்க?"

"பன்னெண்டு போதுங்கிறேங்க."

பெரியப்பாவின் முகம் தெளிந்தது. வரப்புத் தகராறிலிருந்து வளைகாப்புத் தகராறு வரைக்கும் தீர்த்து வைத்தவர் அவர். இரண்டு எண்கள் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்த மாதிரிதான். கண்ணை மூடித் திறந்து, "பதினஞ்சு. ரெண்டு பேரும் ஒத்துக்கங்க" என்றார். சித்தப்பாக்கள் தலையாட்டினார்கள். என் கணவர் நிம்மதியாக மிச்சக் காபியைக் குடித்தார். ஏற்கெனவே ஒன்பது ஓடிவிட்டபடியால் நான் இன்னும் ஆறு ஓட வேண்டியது, கடைசி மூன்றுக்கு ஸ்கூட்டரில் ஏறிக்கொள்ள வேண்டியது என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வாரமாக இல்லாத கோபம்.

"பதினஞ்சுலதான் போன வருஷம் உட்காந்தேன் பெரியப்பா" என்றேன். "காலேஜ் போறேன்னேன், கல்யாணம்னீங்க. நடுவுல ஒரு டிப்ளமோன்னு முடிச்சீங்க. மெட்ராஸ்ல வேலை கெடைச்சிது, வூட்டுல இருன்னாங்க. நடுவுல இந்தக் கம்பெனின்னு முடிச்சீங்க. எது கேட்டாலும் பாதி. இது என் காலு. இதுலயும் பாதி வேணாம்." குதிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

அம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தார். பெரியப்பா முன்னால் அவர் நின்று பேசிக்கூட நான் பார்த்ததில்லை.

"அது என்னா வெலையா சொல்லுது? தூரம்தான சொல்லுது. அதுல எதுக்குக் கொறைக்கிறீங்க?" என்று பெரியப்பாவிடம் கேட்டார். சொம்பை என் கையில் கொடுத்து, "குடிச்சிட்டு ஓடு" என்றார். என் கணவர் பழக்க தோஷத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பி, "ஏறு" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வண்டியை அணைத்துவிட்டார்.

புதுச்சேரியில் இருபத்தொன்றையும் முடித்தேன். கடைசி ஆட்களோடுதான், ஆனாலும் முடித்தேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அங்கே அழுகை வரவில்லை. அழுதது அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டிலிருந்து திரும்பி ஓடிய ஒன்பது கிலோமீட்டரில். எதிரே வந்த டிராக்டர்காரர் ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தபடி கையாட்டினார்கள். மரத்தடியில் யாரோ, "சமாதானம் ஆயிடுச்சி போலக்கீது" என்று சொன்னது காதில் விழுந்தது. கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க ஓடுகிறேன். ஒருவர்கூட என்னை நிறுத்தவில்லை. என்னாச்சும்மா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் புருஷன் வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்.