சாரல் மாதங்களில் காலுக்கு விடுமுறை

எங்கள் கல்லூரி ஹேண்ட்பால் அணியில் என்னைவிடத் தூரமாக மெடிசின் பால் என்கிற கனத்த பயிற்சிப் பந்தை எறியக்கூடியவள் ஒருத்தியும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடி நெஞ்சிலிருந்து தள்ளினால் எதிர்ச் சுவரில் போய் மோதும். பல்கலைக்கழக அணியில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அது எனக்குத்தான் என்று வீட்டில், தெருவில், தென்காசி பஸ் ஸ்டாண்டில்கூடச் சொல்லிவைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்கள் மைதானமும் சொதசொதவென்று ஆகிவிடும். சறுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. எல்லோரும் ஷெட்டுக்குள் உட்கார்ந்து டம்பெல்ஸ் தூக்குவோம். சாரல் அடித்தால் காலுக்கு விடுமுறை. வருஷா வருஷம் இப்படித்தான்.

வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி மட்டும், கூரை போட்ட கேலரிப் படிகளில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் குதித்து ஏறிக்கொண்டிருப்பாள். குச்சிக் கை அவளுக்கு. பார்க்கப் பாவமாக இருக்கும். மணிக்கட்டை எப்படிச் சொடுக்கி எறிவது என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

"ஏட்டி, நீயும் வந்து குதி. எறியதுக்கும் கால்தான் வேணும்" என்பாள்.

"நீ குதி. நான் கோல் போடுதேன்" என்பேன். ஷெட்டே சிரிக்கும்.

அணித் தேர்வன்று மூன்று எட்டு வைத்து எழும்பி, தடுத்து நிற்பவளின் தலைக்கு மேலே எறிய வேண்டும். நான் எழும்பினேன். எழும்பினேன் என்றுதான் நினைத்தேன். பந்து அவள் உள்ளங்கையில் பளாரென்று அறைந்து திரும்பியது. பத்தில் ஏழு அப்படியே. அவள் கை சிவந்ததுதான் மிச்சம்.

அடுத்து என் தோழி. அவள் முட்டி, தடுப்பவளின் இடுப்பு உயரத்துக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். உடம்பு மொத்தமும் திரும்பியது. கடைசியில் நான் சொல்லிக்கொடுத்த அதே சொடுக்கு. கோல்கீப்பர் கையைத் தூக்குவதற்குள் வலை ஆடியது. அந்தக் குச்சிக் கையிலிருந்தா இவ்வளவு வேகம்? பேயறைந்தவள் போல நின்றேன்.

கோச் அவள் பெயரை வாசித்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். அவள்தான் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ கையச் சொல்லித்தந்தே, நான் கேட்டேன்லா. நான் காலச் சொன்னேன், நீ ஏன்ட்டி கேக்கல?"