அம்மா கழுவிய வேன்

எங்கள் வீட்டில் இடது கால் செருப்புகள் நிறைய இருந்தன. வலது கால் செருப்பு மட்டும் நைனாவுக்குச் சீக்கிரமே தேய்ந்து, ஓரம் பிய்ந்து, குப்பைக்குப் போய்விடும். மிஞ்சிய இடது செருப்புகளை அம்மா எறிய மாட்டாள். திருஷ்டிக்கு ஆகும் என்று கொல்லை வேலியில் கட்டித் தொங்கவிடுவாள். அந்தக் கணக்கில் பார்த்தால் செஞ்சியிலேயே திருஷ்டி படாத குடும்பம் எங்களுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எல்லாம் நைனாவின் தொழிலால் வந்தது. திருவண்ணாமலை சாலையில் அவருக்கு ஒரு பைக் ரிப்பேர் கடை, அதன் பின்னாலேயே எங்கள் வீடு. அனந்தபுரம் பக்கமோ மேல்சித்தாமூர் பக்கமோ யாருடைய பைக்காவது நின்றுபோனால் அவருக்குப் போன் வரும். அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால், வண்டிக்காரரை அவருடைய பைக்கிலேயே உட்கார வைத்து, நைனா தன் பைக்கில் பின்னாலிருந்து வலது காலை நீட்டி, முன்வண்டியின் கால்மிதியில் வைத்துத் தள்ளிக்கொண்டே கடை வரைக்கும் கொண்டுவந்துவிடுவார். இரண்டு பைக், ஓர் என்ஜின். பிரேக் மிதிக்க வேண்டிய கால் அடுத்தவர் வண்டியில் இருக்கும். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போவார்கள். எனக்கோ அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

நைனா வெளியே போயிருந்தால் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட மாட்டாள். தெருமுனையில் அவருடைய பைக் சத்தம் கேட்ட பிறகுதான் மாவில் கரண்டி விழும். அதுவரை எனக்கும் பட்டினிதான். அவருக்குச் சூடாகத் தோசை கிடைக்க வேண்டும் என்பதற்காக, பெற்ற பிள்ளையை இப்படியா காயப்போடுவது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் நைனா பேன்ட் கிழிந்து, முழங்காலில் ரத்தத்தோடு வந்தார். நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். கூட வந்த வண்டிக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நழுவிவிட்டார். அம்மா மருந்து போட்டாள். மறுநாள் காலையில் தன் தம்பியை, அதாவது என் மாமாவைக் கூப்பிட்டு, பைக் ஏற்றுகிற மாதிரி ஒரு பழைய வேன் பார்க்கச் சொன்னாள். நைனா இந்த நிலைமையில் வேன் எதற்கு என்று ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிக்கொண்டார்.

மாமா வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவர். ஒரு வாரம் அலைந்து, திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ஜின் நன்றாக இருக்கிறது, தரை நீளமாக இருக்கிறது, பின்கதவு அகலமாகத் திறக்கிறது என்று கடை வாசலில் நின்று அடுக்கிக்கொண்டே போனார். வேனின் நெற்றியில் எழுதியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அமரர் ஊர்தி.

நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காரணம் அம்மா. தெருவில் ஒரு சாவு என்றால், எடுக்கும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பிணம் வாசலைக் கடந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். பூனை குறுக்கே வந்தால் ரேஷன் கடைக்குக்கூடப் போகாமல் திரும்பிவிடுகிறவள். இந்த வேனின் பூர்வீகம் தெரிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். கையிலிருந்த பணத்துக்கு வேறு வண்டியும் கிடைக்காது. நைனா மறுபடி காலை நீட்ட வேண்டியதுதான். அதனால் விஷயம் எங்கள் மூன்று பேரோடு நிற்க வேண்டும் என்று மாமா சொன்னார். எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அம்மா அன்று ஒரு துக்கத்துக்குப் போயிருந்ததும் வசதியாகப் போயிற்று. அவள் திரும்புவதற்குள் மாமா எழுத்தைத் தேய்த்து எடுத்து நீல பெயின்ட் அடித்துவிட்டார். உள்ளே இரண்டு பக்கமும் இருந்த பெஞ்சுகளும், நடுவில் பெட்டியை வைக்கிற மேடையும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மறுநாள் அம்மா துடைப்பமும் வாளியுமாக வந்து, ஆம்பளைங்க கழுவினால் அழுக்கு போகாது என்று சொல்லி, வேனுக்குள் ஏறி மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். மாமா வெளியே நகம் கடித்துக்கொண்டு நின்றார். இறங்கியவள், உள்ளே ஊதுபத்தி வாசனை அடிக்கிறது என்று மட்டும் சொன்னாள். சாமி கும்பிடுகிறவர் வைத்திருந்த வண்டி என்று மாமா சொல்லிவைத்தார்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பைக் சக்கரம் நகராமல் நிற்க, தரையில் வாய்க்கால் மாதிரி இரண்டு இரும்புச் சேனல்களைப் பற்றவைத்தார்கள். கயிறு கட்டச் சுவரில் வளையங்கள், ஏற்றி இறக்க ஒரு நீளப் பலகை. பெட்டி உருண்டு ஏறுவதற்காகப் பின்வாசலில் இருந்த உருளைகளை மட்டும் நைனா கழற்றவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்ட வண்டிகூட அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும் என்றார். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, அம்மாவே சூடம் காட்டினாள். பரோட்டா தின்ற வாயை நான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன்.

முதல் சவாரி அனந்தபுரத்துக்கு. போன் பண்ணியவர் ஒரு வயதான விவசாயி. அவருடைய பைக்கை ஏற்றிக்கொண்டு, அவரையும் முன்சீட்டில் உட்கார வைத்து நைனா திரும்பினார். அம்மா எல்லோருக்கும் டீ எடுத்து வந்தாள். விவசாயி வேனைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்பக்கம் இருந்த ஒரு நெளிசலைத் தடவிப் பார்த்தார்.

"எங்க அப்பாவ கடைசியா இதுலதாம்மா ஏத்திக்கினு போனோம். இந்த நெளிசலு எங்க மதிலு மேல இடிச்சது. கலர மாத்திட்டா தெரியாதா?"

மாமா அவசரமாக அந்த நெளிசலை மறைத்துக்கொண்டு நின்றார். நைனா குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார், அங்கே தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. நான் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா தட்டை நீட்டி விவசாயிக்கு முதலில் டீயைக் கொடுத்தாள். தெரியுங்க என்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"கழுவுன அன்னைக்கே தெரியும்டா. தரைத் தகட்டு சந்துல ரோஜா இதழும் பொரியுமா வந்துச்சி. கல்யாண வண்டியிலயா பொரி எறைப்பாங்க?"

"அப்புறம் இன்னாத்துக்குக்கா சும்மா இருந்த?"

அம்மா நைனாவைப் பார்க்கவில்லை, வேனைத்தான் பார்த்தாள்.

"எத்தினியோ பேர படுக்க வெச்சி இட்டுக்கினு போன வண்டி. இவர மட்டும் ஒக்கார வெச்சி வூட்டுக்குக் கொண்டாந்து வுடுது. எனக்கு அது போதும்."

விவசாயி, எங்கப்பாவையும் குலுங்காமத்தான் கொண்டுபோச்சி என்று வண்டிக்கு நற்சான்று கொடுத்தார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் எல்லோருக்கும் வந்தது. வேன் எங்களிடமே தங்கிவிட்டது. அம்மா சொன்னது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரகசியம் வயிற்றைவிட்டு இறங்கியதே, அந்த நிம்மதி எனக்குப் போதுமாயிருந்தது.

அன்று சாயங்காலமே மேல்சித்தாமூரிலிருந்து போன் வந்து நைனா வேனை எடுத்துக்கொண்டு போனார். நல்ல மழை. கரண்ட்டும் போய்விட்டது, அவருடைய போனும் கிடைக்கவில்லை. அம்மா மெழுகுவத்தியை ஏற்றிவைத்துவிட்டு அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். எனக்கு வார்த்தாள், தனக்கும் வார்த்துக்கொண்டாள். நைனா இன்னும் வரலையேம்மா என்றேன்.

"வருவாரு. நீ சாப்டு."

அவருடைய தோசைகளை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். நைனா வந்து, அவளை எழுப்பாமல், ஆறிப்போன தோசையைத் தின்றார். அவரைப் பார்க்க எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. வேன் வந்ததும் வந்தது, அம்மாவுக்கு அவர்மேல் இருந்த அக்கறையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.