கித்தாரின் பிறந்த ஊர்

பழைய எலெக்ட்ரிக் கித்தாரைப் பார்த்து, அது எந்த நாட்டில், எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்வது என் தொழில். கேட்க வருகிறவர்கள் பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். நகையை உரசிப் பார்ப்பவர்களே, பழைய காரைப் பார்த்துச் சொல்பவர்களே, உங்களுக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

நான் மட்டாஞ்சேரிக்காரி. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். களமசேரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, லத்தீஃப் இக்காவின் பழம்பொருள் கடையில் ரேடியோ சரிசெய்யச் சேர்ந்தேன். ஒரு நாள் ஓசை வராத கித்தார் ஒன்று வந்தது. திறந்து பார்த்தேன். பதினாறு வருஷமாகத் திறந்துகொண்டே இருக்கிறேன்.

ஆள் எங்கே?

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். கித்தார் சேகரிப்பவர். பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "கித்தார் பார்க்கிற ஆள் எங்கே?" இக்கா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார்.

அமெரிக்கக் கித்தார். பின்னால் இரும்புத் தகட்டில் நம்பர் இருந்தது. தகட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் நான் அதை நம்புவதில்லை. நாலு திருகாணியைக் கழற்றிக் கழுத்தைப் பிரித்தேன். அடிமரத்தில் பென்சிலால் எழுதிய தேதி. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் அச்சடித்த எண்ணும் அதே வருஷத்தைச் சொன்னது. எல்லாம் சரி என்றதும் அவர் சிரித்தார். அவருக்கு முன்பே தெரியுமாம். என்னைச் சோதிக்கத்தான் கொண்டுவந்தாராம்.

"ஒண்ணு மட்டும் சரியில்ல சார்" என்றேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள் மூன்றில், நடுவில் இருந்ததன் செம்புக்கம்பி நிறம் வேறு. எப்போதோ எரிந்துபோய் யாரோ புதிதாகச் சுற்றியிருக்கிறார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, இருந்த ஒரே ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், நீங்க உட்காருங்க. நான் நின்னுக்கறேன்."

முப்பது வருஷம் வாசித்தது

கோட்டயத்துத் தரகர் ஒருவர் கொண்டுவந்த கித்தாரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பெயின்ட் உரிந்து, மரம் கறுத்து, ஓரமெல்லாம் சிகரெட் சூடு. "ஒரு பெரிய வித்வான் முப்பது வருஷம் விடாம வாசிச்சது சேச்சி."

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகளை விரலால் தடவினேன். தினமும் வாசித்தால் அங்கேதான் முதலில் பள்ளம் விழும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. பழசாகக் காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவருக்கு வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது. சொன்னேன். தரகர் அசரவில்லை.

"அவர் ரொம்ப மெதுவா வாசிப்பார் சேச்சி."

ரோஸிலி சேச்சியின் பெட்டி

வைப்பினிலிருந்து ரோஸிலி சேச்சி வந்தது ஒரு மழை நாளில். கணவர் ஜோசப் கப்பலில் சமையல்காரராக இருந்து, போன வருஷம் இறந்துவிட்டார். ஜப்பானில், கோபே துறைமுகத்தில் வாங்கியது என்று சொல்லி ஒரு சிவப்புக் கித்தாரை ஆயுசு முழுக்க வைத்திருந்தார். அவருடைய தங்கைகள் நம்பவில்லை. அவன் பம்பாய் துறைமுகத்தைத் தாண்டியதே இல்லை, கித்தார் பம்பாய்ப் பழைய மார்க்கெட்டில் வாங்கியது என்று அடக்கத்தன்றுகூட ஒருத்தி சொல்லிச் சிரித்தாளாம்.

கித்தார் தலையில் ஆங்கிலப் பெயர் இருந்தது. அது ஒன்றும் சொல்லாது. அந்தக் காலத்தில் ஜப்பான் பட்டறைகள் வாங்குபவர் கேட்ட பெயரை ஒட்டி அனுப்பின. கழுத்தைப் பிரித்தேன். ஜப்பானிய எழுத்தில் முத்திரை. ஜப்பானில் செய்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஜப்பானில் செய்தது பம்பாய்க்கும் வந்திருக்கலாமே. சேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கித்தார் வந்த பெட்டியைத் துழாவினேன். உள்ளே ஒட்டிய வெல்வெட் ஓர் ஓரத்தில் விட்டிருந்தது. விரலை நுழைத்தால் ஓர் அட்டை. கடைக்காரர் கொடுத்த உத்தரவாத அட்டை. போனைக் காட்டி மொழிபெயர்த்தேன்: கோபே, துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. வாங்கியவர் பெயர் இருக்கும் இடத்தில், ஆங்கிலம் பழகாத கையால் ஒவ்வோர் எழுத்தாக வரைந்த 'ஜோசப்'.

சேச்சி அழுவார் என்று நினைத்தேன். முந்தானையால் அட்டையைத் துடைத்து, கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"இனி எந்த நாத்தூன் வந்தாலும் இதைக் காட்டினதுக்கப்புறம்தான் சாயா."

சிஸ்டரிடம் சொன்ன தப்பு

திருப்பூணித்துறைப் பக்கம் ஒரு கான்வென்டிலிருந்து சிஸ்டர் ஒருவர், யாரோ தானம் தந்த கித்தாரோடு வந்தார். மேலோட்டமாகப் பார்த்து "ஜப்பான்" என்றேன். அவர் போன பிறகு, சரிசெய்ய விட்டுப்போன அந்தக் கித்தாரின் முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால், மரத்தில் பென்சிலால் வங்காள எழுத்து. திருகாணிகளும் இந்தியச் சரக்கு. கல்கத்தாப் பட்டறையில், ஜப்பான் கித்தாரைப் பார்த்து அச்சு அசலாகச் செய்திருக்கிறார்கள்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இக்காவும் அதையே சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சிஸ்டருக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு, இது கல்கத்தாவில் செய்தது என்றேன்.

"கல்கத்தாவா? அப்போ நம்ம ஆளு செஞ்சதுதானே! ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாடற கொயர்ல எல்லார்கிட்டயும் சொல்லணும்."

ஊரில் உள்ள கித்தாருக்கெல்லாம் பூர்வீகம் சொல்கிற எனக்கு, இன்றுவரை ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் தயவுசெய்து கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.