போஜீ எடுத்த சீட்டு

சொக்கனைப் பர்மாவின் மிங்கலாடோனில் யாரும் சொக்கன் என்று கூப்பிடுவதில்லை. தமிழ்த் தகப்பனுக்கும் பர்மாக்காரத் தாய்க்கும் பிறந்து, பட்டாளத்தில் கேப்டன் வரைக்கும் போனவர். கேப்டனை அங்கே போஜீ என்பார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் வெற்றிலைக் கறை மாதிரி அவரை விட்டுப் போகவில்லை. அதற்கு மேல் பதவி உயராததற்குத் தகப்பன் பெயர்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வார். மேலதிகாரிகளிடம் அவர் வாய் சும்மா இருந்ததில்லை என்பதைச் சொல்ல மாட்டார்.

ஓய்வுக்குப் பிறகு போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் ஒரு கிட்டங்கி எடுத்து உளுந்தும் துவரையும் வியாபாரம் செய்தார். மற்றவர்கள் மூட்டையில் தண்ணீர் தெளித்து எடையை ஏற்றினார்கள், விலையைக் குறைத்தார்கள். இவர் தெளிக்கவில்லை. தெளித்த கூட்டாளியையும் விரட்டிவிட்டார். இப்படி ஒரு யோக்கியன் உண்டா என்று ஊரே புகழ்ந்துவிட்டு, சரக்கை மட்டும் அடுத்த கிட்டங்கியில் வாங்கியது. கடைசியில் கிட்டங்கியை இழுத்து மூடினார்.

பழைய பட்டாளக்காரர் என்ற முறையில் பட்டாள ஆட்சியின் மேலிடத்திலிருந்து வார்டுத் தலைவர் பதவி வந்தது. மனைவி பூர்ணாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

“நான் உக்காந்தா இந்த வார்டாவது நேரா நடக்கும்” என்றார்.

“நேரா நடக்கிற எடத்துக்கு ஒங்களக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டாள் பூர்ணா. அவள் சொன்னதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்கலாம். பிறகு, ஆட்சியின் ஆள் என்று ஒதுங்கி, டீக்கடையில் அவர் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வராமல் போனபோதுதான் அது உறைத்தது.

கட்டாயப் பட்டாளச் சட்டம் வந்ததும் வார்டிலிருந்து மாதாமாதம் ஆள் அனுப்பச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரே மகன் என்றால் விட்டுவிடலாம். மற்றவர்கள் பெயரைச் சீட்டெழுதி ஒரு சட்டியில் போட்டு எடுக்க வேண்டும். பக்கத்து வார்டுகளில் என்ன நடந்ததோ, இங்கே ஜனங்கள் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், யார் ஆளாக இருந்தாலும் போஜீ பொய் செய்ய மாட்டார், அவர் கையாலேயே எடுக்கட்டும் என்று.

அந்தச் சீட்டுகளில் ஒன்று அவருடைய தங்கை மகன் ரமணன் பெயரில் இருந்தது. தங்கை தனபாக்கியம் மாவ்பிச் சந்தையில் காய்கறி விற்கும் விதவை. ரமணன் அவளுக்கு ஒரே பிள்ளை. தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டுக் குடியுரிமை அட்டை தராமல் இழுத்தடித்த காலத்தில், சொக்கன்தான் அவனைத் தன்னுடைய இரண்டாவது மகன் என்று தன் குடும்பப் பதிவில் சேர்த்தார். பட்டாளத்து அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு அட்டை உடனே கிடைத்தது. தனபாக்கியம் அண்ணன் காலில் விழுந்து கும்பிட்டாள். இப்போது அதே பதிவு அவன் கழுத்தைப் பிடித்தது. தாய் வீட்டுப் பதிவில் இருந்திருந்தால் ஒரே மகன் என்று தப்பியிருப்பான். மலேசியாவில் இருக்கும் அவருடைய சொந்த மகனையும் சேர்த்து, சொக்கன் வீட்டில் கணக்குக்கு இரண்டு மகன்கள். உண்மையைச் சொன்னால் பொய்ப் பதிவு செய்ததற்காக எல்லோருமே சிறைக்குப் போக வேண்டும்.

“அண்ணே, அவன் பேரச் சேத்தது நீதானே. சட்டியில விழாம நீயே எடுத்துடு” என்று அழுதாள் தனபாக்கியம்.

சீட்டு எடுக்கும் நாள் காலையில், ரமணன் பெயரெழுதிய சீட்டைச் சொக்கன் சட்டியில் போடவில்லை. மடித்து லுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். கடைசியில் அவரும் மற்றவர்கள் மாதிரி மூட்டையில் தண்ணீர் தெளித்தார். வார்டு ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். அமீர் அலி. தெருமுனையில் வடை சுடும் ஹமீதுன்னிசாவின் மூத்த மகன்.

சாயங்காலம் அவளே வீடு தேடி வந்தாள். கையில் ஒரு பொட்டலம். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“போஜீ அண்ணே, வெளிய ஆளாளுக்கு ஒங்களப் பத்தி ஏதேதோ பேசுறாங்க. நான் அவங்களோட சண்ட போட்டுட்டு வந்தேன். ஒங்க வீட்டுப் புள்ள பேரும் அந்தச் சட்டியிலதானே கெடந்துச்சு? அல்லா எம் புள்ளய எடுத்தா அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. சூடா இருக்கு, சாப்பிடுங்க.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. இடுப்பில் அந்தச் சீட்டு வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் படியிறங்கிப் போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பொட்டலத்தைக் கீழே வைக்கும் முன்பே தனபாக்கியம் போனில் கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

“அண்ணே, நீ நல்லா இருக்கணும். அடுத்த மாசமும் பாத்துக்குவதானே?”

முடியாது என்று சொல்ல அவரிடம் இப்போது எந்த யோக்கியதையும் மிச்சமில்லை.

“பாத்துக்கிறேன்” என்றார்.